தொப்பியைக் கழற்றிய இன்ஸ்பெக்டர்

ஒருவர் பேசியதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லிப் பிழைப்பதைப் போல நன்றி கெட்ட தொழில் வேறு கிடையாது. பேசியவருக்கும் நம்மேல் திருப்தி இருக்காது, கேட்டவருக்கும் இருக்காது. நீங்கள் மொழிபெயர்ப்பாளராகவோ, விழா மேடையில் அறிவிப்பாளராகவோ, மாமியார் சொன்னதைப் பாதி மென்று கணவரிடம் கொண்டுபோகிற மருமகளாகவோ இருந்தால், நான் மேற்கொண்டு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. நாமெல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள்.

என் தொழில் படம் சொல்வது. நாகர்கோவிலில் ஒரு சின்ன அறக்கட்டளை, பழைய நல்ல படங்களைக் குமரி மாவட்டம் முழுக்கப் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் வாசகசாலைகளிலும் காட்டிவருகிறது. புரொஜெக்டர், சுருட்டிய திரை, ஸ்பீக்கர், நீளமான ஒயர் எல்லாவற்றையும் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போவது நான்தான். படங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். கீழே ஓடுகிற எழுத்தும் ஆங்கிலம். அதனால் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து நின்று, அவர்கள் பேசப் பேச நான் தமிழில் சொல்வேன். ஒன்பது வருடமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'படம் டீச்சர்'.

அதிகம் கேட்கப்படுவது ஒரு கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம். கடற்கரை ஊர் ஒன்றில் கலங்கரை விளக்கக் காவலாளி மேலேயிருந்து விழுந்து கடலோடு போய்விடுகிறார். கால் தவறியது என்று ஊரே சொல்கிறது. போஸ்ட் மாஸ்டரின் மகள் ரூத், பதினாறு வயது, அவள் மட்டும் நம்பவில்லை. பேக்கரியில் வேலை பார்க்கிற டாம் என்ற பையனின் சைக்கிளில் ஏறிக்கொண்டு ஊரெல்லாம் விசாரிக்கிறாள். மழை பெய்த அந்த நாளில் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை என்று சாதித்த மேயரின் குடை நனைந்திருந்ததைக் கவனிக்கிறாள். அதை வைத்தே தள்ளிவிட்டவர் அவர்தான் என்று பிடித்துவிடுகிறாள். வீட்டுக்குப் போய் பொம்மை வைத்து விளையாடு என்று அவளை விரட்டிய இன்ஸ்பெக்டர், கடைசியில் தொப்பியைக் கழற்றி, "தப்பு என்மேல்தான், மன்னித்துவிடு" என்கிறார். அவ்வளவுதான் கதை. ரத்தம் கிடையாது, ஆட்டம் கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அப்படியிருந்தும் உள்ளது உள்ளபடி சொல்ல என்னை விட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். மறுபடியும் அதே படிகளில்தான் ஏற வேண்டியிருக்கிறது.

சொந்த வீட்டு மணி

முதல் தடவை அந்தப் படத்தைக் கொண்டுபோனது ஒரு பெண்கள் பள்ளிக்கு. தலைமையாசிரியை கண்டிப்பானவர். காலையில் ஜெபத்துக்கு முன்னாலேயே என் லேப்டாப்பில் படத்தைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்றார். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தச் சொல்லி, சைக்கிளில் வருகிற பையன் யார் என்று கேட்டார். ரூத்தின் நண்பன் என்றேன். நண்பன் என்றால் என்ன அர்த்தம் என்றார். படம் முழுக்க அந்தப் பையன் சைக்கிள் மிதிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று எடுத்துச் சொன்னேன். அதெல்லாம் பெற்றோருக்குப் புரியாது, அண்ணன் என்று சொல்லிவிடுங்கள் என்றார். ஒரு வார்த்தைதானே என்று நானும் தலையாட்டினேன்.

இருநூறு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டாம் முதல்முறையாக ரூத்தின் வீட்டு வாசலுக்கு வந்து, மணியை அடித்துவிட்டு, உள்ளேயிருந்து அவள் அப்பா வருவதைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். "ரூத்தின் அண்ணன் வந்துவிட்டான்" என்று மைக்கில் சொன்னேன். இரண்டாவது வரிசையில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை, பக்கத்திலிருந்தவளிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "ஏட்டி, சொந்த வீட்டுக்கு வரதுக்கு அவன் எதுக்கு பெல் அடிச்சிட்டு நிக்கான்?"

கலர்

கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழா. படம் தொடங்கியதும் பெற்றோர் சங்கத் தலைவர் எழுந்து வந்து, மெஷினில் ஏதாவது கோளாறா என்று காதோரமாக விசாரித்தார். படமே கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கப்பட்டது, அந்தக் காலத்துப் படம் என்றேன். அவர் நம்பவில்லை. மைக் செட்காரரைக் கூப்பிட்டு என் ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கச் சொன்னார். அசைத்ததில் இரண்டு தடவை படம் நின்றது. மேயரின் குடை நனைந்திருக்கிற இடம் அப்படியே போய்விட்டது, ரூத் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் போனது.

நன்றியுரையில் அவர் என் பெயரைத் தப்பாகச் சொன்னார். சரி போகட்டும். மேடையை விட்டு இறங்கியவர், நான் திரையைச் சுருட்டுகிற இடத்துக்கே வந்து, நிஜமாகவே மனம் வருந்தி ஒன்று கேட்டார். "எங்க பிள்ளையளுக்கு கலர் படம் பாக்கத் தகுதி இல்லன்னு யாரு டீச்சர் முடிவு பண்ணினா?"

கல்வெட்டு

மயிலாடியில் ஒரு வாசகசாலை. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் முன்வரிசையில் நடுநாற்காலியில் இருப்பார் என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். படத்தில் அந்த மேயர் ஊர்க் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், பள்ளிக்கூடம் கட்டித் தந்தவர் என்றெல்லாம் வருகிறதல்லவா, அதை விட்டுவிடலாமே. கொடுத்தவரே கொலைகாரன் என்றால் கொடுக்கிறவர் மனது என்ன பாடுபடும்?

விட்டுவிட்டேன். மேயரை எங்கிருந்தோ வந்த வெளியூர்க்காரனாக ஆக்கினேன். திரையில் அவருக்கு ஊரே எழுந்து நிற்கிறது, பாதிரியார் கைகுலுக்குகிறார், நானோ வெளியூர்க்காரன் வெளியூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். படம் முடிந்து ஒயரைச் சுற்றும்போது, சுவரோரம் நின்று பார்த்த ஒரு கல்தச்சர் கிட்டே வந்தார். சிலையும் கல்வெட்டும் வெட்டுகிறவர், கைவிரல் இடுக்கெல்லாம் கல்தூசி. அந்த ஆள் உள்ளூர் பெரிய மனுஷன்தானே என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று, ஆமாம் என்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் வாசல் பக்கம் பதித்திருந்த பளிங்குக் கல்லைத் தாடையால் காட்டினார். "நாங்க பேர கல்லுல வெட்டிக் குடுத்த பொறவு எல்லாவனும் நல்லவந்தான் டீச்சர்."

மூன்று நாள்

மணவாளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். மாதா கோயில் முற்றத்தில் திரை கட்டி, பொழுது இருட்டியதும் தொடங்கினோம். அங்கே யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை, படத்துக்கு முன்னால் ஒரு செபம் மட்டும் சொன்னார்கள். ஆனால் நான் பழகிவிட்டேன். யாரும் கேட்காமலே டாம் அண்ணனாகிவிட்டான், மேயர் வெளியூர்க்காரராகிவிட்டார். வாய்க்குப் பழக்கம் வந்துவிட்டால் பொய்யும் மனப்பாடப் பாட்டு மாதிரி வருகிறது.

காவலாளியின் உடலைத் தேடிப் போலீஸ் படகுகள் மூன்று நாள் கடலைச் சல்லடையாய்ச் சலிக்கிற காட்சி வந்தது. அதில் மாற்ற ஒன்றுமில்லை. முதல் நாள் தேடினார்கள், இரண்டாம் நாள் தேடினார்கள், மூன்றாம் நாளும் தேடினார்கள் என்று உள்ளபடி சொன்னேன். மீன் விற்றுவிட்டு வந்து வெறுங்கூடைமேல் உட்கார்ந்து பார்த்த ஒரு அக்கா, படத்தை நிறுத்தும்படி கையைத் தூக்கினாள். நிறுத்தினேன். அவள் கணவன் கடலில் போய் ஐந்து வருடம் என்று பக்கத்திலிருந்தவர்கள் மெல்லச் சொன்னார்கள். கேள்வி கேட்டதும் அவள் பாட்டுக்குத் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அவள் கேட்டது இதுதான்: "மூணு நாளு தேடுனாவளா, இல்ல இதும் நீங்களா சேத்துச் சொல்லுததா?"

வார்த்தைதான்

அதற்கு மறுநாள் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளர் சாரிடம் போய்ச் சண்டை போட்டேன். இனிமேல் படத்தில் இருப்பதைத்தான் சொல்வேன், பிடிக்காத பள்ளிக்குப் போக மாட்டேன் என்றேன். சார் கெட்டவர் இல்லை. இரண்டு டீ வரவழைத்தார். பள்ளிகள் கதவைச் சாத்திவிட்டால் பிள்ளைகளுக்குப் படமே கிடையாது என்றார். மாற்றிச் சொன்னாலும் கண் இருக்கிறதல்லவா, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். நியாயம் மாதிரியே இருந்தது. டீ ஆறுவதற்குள் நான் சமாதானமாகிவிட்டேன் என்பதுதான் இப்போது நினைத்தால் கசக்கிறது. எழுந்திருக்கும்போது சார் தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார்: "நீங்க படத்தையா மாத்துதீங்க? வார்த்தையத்தான."

முட்டைத் தோடு

அடுத்த மாதம் மேற்கே ஒரு விடுதிப் பள்ளி. பெயர் சொல்ல மாட்டேன் என்று ஏற்கெனவே சொன்னேன், இதற்கு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். தாளாளர் என்னைத் தன் அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, நடந்ததைச் சொன்னார். விடுதிப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் முட்டை. தட்டில் வருவதோ பாதி முட்டை. ஒன்பதாம் வகுப்பு ஜெனிஷா என்ற பிள்ளை, சமையலறைக்குப் பின்னால் தென்னை மூட்டில் கொட்டுகிற முட்டைத் தோடுகளை, அதாவது ஓடுகளை, ஒரு மாதம் எண்ணியிருக்கிறாள். வண்டியில் வந்து இறங்குகிற முட்டையில் பாதிக்குத்தான் தோடு இருந்தது. மீதி முட்டை தோடோடு வார்டன் வீட்டுக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி, பெயர் போடாமல் புகார்ப் பெட்டியில் போட்டிருக்கிறாள்.

பள்ளிக்கூடமும் சும்மா இருக்கவில்லை, துப்பறிந்தது. முட்டை எங்கே போகிறது என்பதை அல்ல. விடுதிப் பிள்ளைகள் எல்லோருடைய நோட்டையும் வாங்கி, அந்தத் தாளோடு கையெழுத்தை ஒப்பிட்டு, எழுதியது யார் என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வார்டனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் டி.சி. அந்தப் பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. அதட்டியாயிற்று, ஜெபித்தாயிற்று. அதனால்தான் இந்தப் படத்தைக் கேட்டு வாங்கினாராம். ரூத்தும் பெரியவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைத்ததற்குக் கடைசியில் இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நான் சொன்னால் போதும். எனக்குக் கோபம் வந்தது, அதை விழுங்கவும் தெரிந்தது. சார் கொடுத்த டீ வயிற்றில் இன்னும் இருந்ததோ என்னவோ. தாளாளர் கும்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அந்தப் பிள்ளைக்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன் டீச்சர், ஒரு வரிதான் உங்களுக்கு."

தொப்பி

ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தார்கள். வார்டன் வாசலோரம் நாற்காலி போட்டிருந்தார். ஜெனிஷா யார் என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் யாரும் உட்காராத ஒரே பிள்ளை அவள்தான். மற்றவர்கள் சிரிக்கிற இடத்திலெல்லாம் அவள் சிரிக்கவில்லை. நனைந்த குடை வந்தபோது மட்டும் முட்டியில் கையூன்றி முன்னால் சாய்ந்தாள்.

கடைசிக் காட்சி. போஸ்ட் ஆபீஸ் வாசலில் இன்ஸ்பெக்டர் ரூத்துக்கு எதிரே வந்து நிற்கிறார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார். உதடு அசைகிறது. நான் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, "பெரியவர்களிடம் சொல்லாமல் செய்தது என் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று ரூத் கேட்கிறாள்" என்று சொன்னேன். வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான வாக்கியத்தை நான் சொன்னதில்லை. ரூத்தின் வாயோ மூடியே இருந்தது.

விளக்கைப் போட்டார்கள். பிள்ளைகளே ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டு வைத்தேன். ஜெனிஷா எழுந்தாள். பேசியது இன்ஸ்பெக்டர்தானே, தொப்பியைக் கழற்றியதும் அவர்தானே, மன்னிப்புக் கேட்கிறவர்தானே அப்படிச் செய்வார் என்று கேட்டாள். அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வாசலோரம் நாற்காலி கிறீச்சிட்டது. அப்போதாவது நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவளுக்குத் திங்கட்கிழமை வரைக்குமாவது துணைக்கு இருந்திருக்கும். எனக்குத் தாளாளரின் முகம்தான் தெரிந்தது. அந்த ஊரில் புறப்படும்போது தொப்பியைக் கழற்றுவது வழக்கம் மக்கா, அவ்வளவுதான் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு உட்காராமலே, மெதுவாக, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில் சொன்னாள்: "இதுக்கு முன்ன ரெண்டு தடவ பொறப்பட்டுப் போனாரே டீச்சர், அப்ப எடுக்கலியே."

திங்கட்கிழமை

ஜெனிஷா மன்னிப்புக் கேட்கவில்லை. பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த பெண் என்னிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். காலைக் கூட்டத்தில் மைக் முன்னால் கொண்டு நிறுத்தினார்களாம். பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றாளாம். மதியம் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அம்மா முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறவள். கையில் முந்திரிப் பால் பட்ட கறை, பாதி நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று ஓடி வந்திருக்கிறாள். மகளுக்காகத் தானே மன்னிப்புக் கேட்கிறேன் என்று வார்டன் காலில் விழப் போனாளாம். மகள் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாளாம். அன்றைக்கே டி.சி. எழுதினார்கள்.

வார்டன் அதே வார்டன், பாதி முட்டை அதே பாதி முட்டை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப் போகும் நேரத்தில், ஏதோ என்னைப் பாராட்டுகிற மாதிரி அந்தக் கிளார்க் இன்னொன்றும் சொன்னாள். "தாளாளர் அவ அம்மாட்ட உங்களத்தான் சொன்னாரு டீச்சர், சினிமாப் பிள்ளையே மன்னிப்பு கேட்டுச்சு, ஒங்க மவளுக்கு என்னன்னு."

உள்ளது உள்ளபடி

அதே கல்வியாண்டில், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் ஒரு அரசுப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் ஏதோ கணக்கெடுப்பு வேலையில் மூழ்கியிருந்தார், தலையை நிமிர்த்தாமலே போய்க் காட்டுங்கள் என்றார். எதையும் மாற்றச் சொல்ல அவருக்கு நேரமில்லை. திரையைக் கட்டிவிட்டுத் திரும்பினால் முன்வரிசையில் ஜெனிஷா. முடியை இரட்டைப் பின்னலாகப் பின்னியிருந்தாள், பக்கத்தில் இரண்டு தோழிகள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அன்றைக்கு உள்ளது உள்ளபடி சொன்னேன். டாம் அண்ணன் இல்லை, ரூத்தைப் பிடித்துப்போன பேக்கரிப் பையன். மேயர் வெளியூர் இல்லை, கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த அதே உள்ளூர்ப் பெரிய மனுஷன். கடைசிக் காட்சியில் சத்தத்தை முழுக்க உயர்த்தி, இன்ஸ்பெக்டரின் சொந்தக் குரலையே கேட்கவிட்டு, பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: "தப்பு என்மேல்தான், மன்னித்துவிடு." யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று அவளுக்காவது புரியும் என்று நினைத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு ஜெனிஷா நின்று திரையைச் சுருட்ட ஒரு முனையைப் பிடித்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன், அதே ஆலைக்குத்தான் போகிறாள் என்றாள். இந்தப் பள்ளி தூரம், இரண்டு பஸ் மாற வேண்டும் என்றாள். மதியச் சாப்பாட்டில் முழு முட்டை தருகிறார்கள் என்றும் சொன்னாள். எனக்கு மனது நிறைந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஒன்பது வருடப் பொய்க்கு ஒரே ஒரு மத்தியானத்தில் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்ற ஆசை, இன்றைக்காவது சரியாகச் சொன்னேனா மக்கா என்று கேட்டுவிட்டேன். அவள் திரையின் முனையை என் கையில் ஒப்படைத்தாள். கோபமோ குத்தலோ கொஞ்சமும் இல்லாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிற முகத்தோடு கேட்டாள்: "இன்னைக்கு இப்பிடிச் சொல்லச் சொன்னது யாரு டீச்சர்?"

மேயரைப் பிடிக்க ரூத்துக்கு ஒன்றேகால் மணி நேரமும் ஒரு நனைந்த குடையும் வேண்டியிருந்தது. மைக்கைப் பிடித்து நின்றவளைப் பிடிக்க எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்கு ஒரு தொப்பியே போதும்.